சுடுவதற்கென்றே ஒரு நூல்

விமான இறக்கையிலும் காற்றாலை இறகிலும் பந்தயக் காரிலும் இருக்கும் கறுப்பு இழையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அது வெள்ளையாக இருந்த காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. கார்பன் இழை ஆலையின் ஒரு முனையில் நுழைவது பால் நிற அக்ரிலிக் நூல். ஸ்வெட்டருக்கும் போர்வைக்கும் போகிற நூலின் நெருங்கிய சொந்தம். மறுமுனையில் அது எடை பாதியாகி, கன்னங்கரேலென்று, எஃகைத் தோற்கடிக்கும் வலிமையோடு வெளியே வருகிறது. நடுவில் நிற்கும் உலைகளைப் பார்க்கிறவர்களுக்கு, வலிமை எல்லாம் அங்கேதான் பிறக்கிறது என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உலை அந்த நூலுக்கு எதையும் பெரிதாகக் கொடுப்பதில்லை. அதிலிருந்து எடுக்கத்தான் செய்கிறது. எடுத்தது போக மிஞ்சுவது எப்படி இருக்கும் என்பது நூலை நூற்றபோதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. இந்த உண்மை புரியப் பல ஆண்டு பிடித்தது. கார்பன் இழையின் வரலாறு ஏறக்குறைய இவ்வளவுதான்.

நூலைக் கரியாக்குவது பழைய வேலை. 1879இல் எடிசன் பருத்தி நூலைக் கரியாக்கி மின்விளக்குக்குள் வைத்தார். பிறகு மூங்கில் நாருக்கு மாறினார். அதிலும் ஜப்பானில் கியோட்டோ பக்கத்து யவதா மூங்கில்தான் நின்று எரிந்தது. இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வான் செல்லுலோஸைக் கரைத்து, சிறு துளை வழியே பிழிந்து, செயற்கை இழை செய்து அதைக் கரியாக்கினார். கிடைத்ததைச் சுடுவதா, சுடுவதற்கென்று ஒன்றைச் செய்வதா என்ற கேள்வி அப்போதே வந்துவிட்டது. ஆனால் விளக்குக்கு வேண்டியது வெளிச்சம் மட்டுமே. டங்ஸ்டன் வந்ததும் கரி இழையை எல்லாரும் மறந்தார்கள்.

மறுபடி நினைவூட்டியவர் ரோஜர் பேக்கன். 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து அருகே பார்மா என்ற ஊரில், யூனியன் கார்பைடு ஆய்வுக்கூடத்தில், மிகுந்த அழுத்தத்தில் கார்பனை மின்வில்லால் ஆவியாக்கிக்கொண்டிருந்தார். அடியில் படிந்த கட்டியை உடைத்துப் பார்த்தபோது உள்ளே மெல்லிய கிராஃபைட் முடிகள் நீட்டிக்கொண்டிருந்தன. மனித முடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த தடிமன். அவற்றை இழுத்துப் பார்த்ததில் 20 கிகாபாஸ்கல் வலிமை தெரிந்தது. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள கம்பியில் இரண்டு டன் எடையைத் தொங்கவிடலாம் என்று பொருள். அதைச் செய்ய ஆகும் செலவை அவரே ஒருமுறை பவுண்டுக்கு ஒரு கோடி டாலர் என்று மதிப்பிட்டார். விற்கிற பொருளல்ல, ஆனால் கார்பனிடம் எவ்வளவு வலிமை ஒளிந்திருக்கிறது என்பதற்கு அளவுகோல் கிடைத்துவிட்டது. அறுபது ஆண்டுக்குப் பிறகும் அந்த அளவுகோலின் பாதியைக்கூட எந்த ஆலையும் தொடவில்லை.

அமெரிக்கர்கள் ரேயானைப் பிடித்துக்கொண்டார்கள். புடவைக்கும் டயருக்கும் போன நூல், மலிவாகக் கிடைத்தது. ஆனால் ரேயான் என்பது செல்லுலோஸ். அதன் எடையில் கார்பன் 44 சதவீதம்தான். சுடும்போது அதிலும் பெரும்பகுதி புகையாகப் போய், நூறு கிலோ போட்டால் இருபது இருபத்தைந்து கிலோ மிஞ்சும். மிஞ்சுவதும் ஒழுங்கின்றிக் கலைந்து கிடக்கும். அதை நேராக்க 2,800 டிகிரிக்கு மேல் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே இழுத்து நீட்ட வேண்டியிருந்தது. 1960களின் நடுவில் யூனியன் கார்பைடு ‘தார்னெல்’ என்ற பெயரில் விற்றது இப்படி வந்த இழைதான். நல்ல இழை. ஆனால் மூலநூலில் இல்லாத ஒழுங்கை நெருப்பில் வைத்து அடித்துப் பெற வேண்டியிருந்ததால், விலை எட்டாத உயரத்தில் நின்றது.

இதற்கிடையே ஒசாகாவில் அரசுத் தொழில் ஆய்வுக்கூடத்து அகியோ ஷிண்டோ, 1959இல் செய்தித்தாளில் அமெரிக்கக் கரித்துணியைப் பற்றி ஒரு குறிப்பைப் பார்த்தார். அவர் எடுத்துக்கொண்டது பாலிஅக்ரிலோநைட்ரைல் இழை. சுருக்கமாக ‘பான்’. அதன் எடையில் 68 சதவீதம் கார்பன். முறையாகச் சுட்டால் பாதி எடை மிஞ்சும். முதலில் காற்றில் மெதுவாகச் சூடாக்கி, பிறகு காற்றில்லாத உலையில் கரியாக்கினார். அன்றைய ரேயான் கரியிழையைப் போல மூன்று மடங்கு விறைப்பு வந்தது. அவரிடம் இருந்தது டியூபாண்ட் நிறுவனத்தின் ஆர்லான் போன்ற கடைத்தெரு ஜவுளி நூல். அந்த நூலைச் செய்தவர்களுக்கு இப்படி ஒரு எண்ணம் கனவிலும் இருந்திருக்காது.

1963 வாக்கில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில், ராயல் ஏர்கிராஃப்ட் எஸ்டாப்ளிஷ்மென்டில், வில்லியம் வாட்டும் லெஸ்லி ஃபிலிப்ஸும் டபிள்யூ. ஜான்சனும் சேர்ந்து அடுத்த அடியை வைத்தார்கள். பான் நூலைக் காற்றில் சூடாக்கினால் அது சுருங்கப் பார்க்கும். நூற்கும்போது இழுத்து நேராக்கப்பட்ட மூலக்கூறுச் சங்கிலிகள், சூடு கண்டதும் பழையபடி சுருண்டுகொள்ள விரும்புகின்றன. அதை விடக்கூடாது என்பதுதான் அவர்கள் கண்டுபிடித்தது. நூலைச் சட்டத்தில் இறுகச் சுற்றி, சுருங்க வழியில்லாமல் 220 டிகிரி அளவில் பல மணி நேரம் வேகவிட்டார்கள். சங்கிலிகள் நேராக இருந்த நிலையிலேயே இறுகிப்போயின. பிறகு எவ்வளவு சூடு கொடுத்தாலும் அந்த நேர்மை கலையவில்லை. ரேயானுக்கு 2,800 டிகிரியில் செய்த வேலையை இவர்கள் சாதாரண அடுப்புச் சூட்டில் முடித்துவிட்டார்கள்.

அந்தக் காற்று உலையில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வெள்ளை நூல் முதலில் இளமஞ்சளாகிறது. பிறகு பொன்னிறம், செம்பழுப்பு, காப்பிக்கொட்டை நிறம், கடைசியில் கறுப்பு. நிறம் மாறும் ஒவ்வொரு கட்டத்திலும் நூலின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்த நைட்ரைல் தொகுதிகள் ஒன்றோடொன்று கைகோத்து வளையமாகின்றன. ஒற்றைச் சங்கிலி ஏணி போன்ற அமைப்பாக மாறுகிறது. உருகி ஓட வேண்டிய பிளாஸ்டிக், நெருப்புக்குள் வைத்தாலும் உருகாத பொருளாகிவிடுகிறது. இந்த வினை தானே சூட்டைக் கக்கும் வினை என்பதுதான் வில்லங்கம். கற்றைக்குள் சூடு தேங்கினால் நூல் தீப்பற்றும். ஆகவே மெதுவாக, ஒரு மணி ஒன்றரை மணி என்று ஓட்ட வேண்டியிருக்கிறது. அடுத்து வரும் ஆயிரத்துச் சொச்சம் டிகிரி நைட்ரஜன் உலை பார்க்கப் பயங்கரமாக இருக்கும். அங்கே வேலை சில நிமிடம்தான். நேரமும் மின்சாரமும் விழுங்குவது இந்தச் சாதுவான முதல் உலை.

ஃபார்ன்பரோக்காரர்கள் எடுத்தது கோர்ட்டோல்ட்ஸ் நிறுவனத்தின் ‘கோர்ட்டெல்’ நூல். சட்டை, பனியன், ஸ்வெட்டருக்கு விற்ற நூல். அதில் அக்ரிலோநைட்ரைலோடு கொஞ்சம் மெத்தில் அக்ரிலேட்டும் மிகச் சிறிதளவு இட்டகானிக் அமிலமும் சேர்ந்திருந்தன. ஜவுளித் தொழிலில் இப்படி அமிலம் கலப்பது சாயம் பிடிப்பதற்காக. சும்மா விட்டால் பான் நூல் எந்த நிறத்தையும் ஏற்காது. ஆனால் உலைக்குள் போனபோது அந்த அமிலம் வேறொரு வேலை செய்தது. வளையக் கோப்பைக் குறைந்த சூட்டிலேயே தொடங்கிவைத்தது. ஒரே நேரத்தில் வெடித்துக் கிளம்பும் சூட்டைப் பரவலாக்கிக் கட்டுக்குள் வைத்தது. சாயத்துக்காகப் போட்ட அமிலம் கரியாக்கத்துக்குக் கைகொடுத்தது. இதை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். இன்றைக்கு உலகமெங்கும் கார்பன் இழைக்கான பாலிமரைத் தயாரிக்கிறவர்கள் ஒரு சதவீத அளவில் இட்டகானிக் அமிலத்தை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். அன்று தற்செயல், இன்று செய்முறைக் குறிப்பு.

இங்கிலாந்து அந்த அதிர்ஷ்டத்தைத் தக்கவைக்கவில்லை. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் ஆர்பி211 விமான எஞ்சினுக்கு ‘ஹைஃபில்’ என்ற கார்பன் இழை விசிறியைச் செய்து பார்த்தது. பறவை மோதும் சோதனையில் அது தாங்கவில்லை. டைட்டானியத்துக்கு மாறினார்கள். 1971 பிப்ரவரியில் நிறுவனமே திவாலானது. அதற்கு விசிறி மட்டும் காரணமில்லை என்றாலும், கார்பன் இழையின் பெயருக்கு நல்ல நேரமில்லை. கோர்ட்டோல்ட்ஸ் தொடர்ந்து இழை விற்றது. ஆனால் அது நூற்றது நீரில் கரைந்த உப்புக் கரைசலிலிருந்து. அந்த முறையில் நுழைந்த மாசுகள் சட்டைக்குத் தெரியாது, கார்பன் இழைக்குத் தெரிந்துவிடும். 1991இல் அந்தத் தொழிலையே கைவிட்டது.

ஜப்பானில் டோரே நிறுவனம் அதே 1971இல் டி300 இழையை விற்கத் தொடங்கியது. டோரேவும் அடிப்படையில் ஜவுளி இழை நிறுவனம்தான்; அக்ரிலிக் நூலைப் பல ஆண்டு நூற்ற கை. வாங்க விமானக் கம்பெனிகள் வரிசையில் நிற்கவில்லை. மீன்தூண்டில் கழியும் கோல்ஃப் மட்டையும்தான் சோறு போட்டன. எழுபதுகளில் ஜப்பானிய ஆற்றோரத்தில் அயு மீன் பிடித்த பொழுதுபோக்குக்காரர்கள் இல்லையென்றால், இன்று பாதி எடை கூட்டுப்பொருளால் ஆன போயிங் 787 பறந்திருக்குமா என்பது சந்தேகம். தூண்டில் கழியில் பிழை இருந்தால் யாரும் சாகமாட்டார்கள். அந்தச் சலுகையில் டோரே பத்து ஆண்டுக்கு மேல் நூலைச் சீர்திருத்திக்கொண்டது.

என்ன சீர்திருத்தம்? இங்கே ஃபார்ன்பரோவுக்கே ஒருமுறை திரும்ப வேண்டும். 1974இல் மோர்ட்டனும் வாட்டும் ஒரு எளிய சோதனை செய்தார்கள். பான் நூலைத் தூசி வடிகட்டிய சுத்த அறையில் நூற்று, மற்றபடி வழக்கம்போலவே சுட்டார்கள். கார்பன் இழையின் வலிமை கணிசமாக ஏறியது. உலையில் எதையும் மாற்றவில்லை. கரைசலில் மிதந்த ஒரு தூசித் துணுக்கு, நூலுக்குள் சிக்கி, உலையில் எரிந்து போய், அங்கே ஒரு பள்ளத்தை விட்டுச் செல்கிறது. இழுக்கும்போது இழை அறுவது அந்தப் பள்ளத்தில்தான். ஸ்வெட்டர் நூலில் யார் தூசியைத் தேடப் போகிறார்கள்? என்னைக் கேட்டால், அதற்கு முன்பு சுட்டதெல்லாம் சட்டை நூல். அதற்குப் பிறகு வந்ததுதான் சுடுவதற்கென்றே பிறந்த நூல்.

இன்றைய மூலநூல் ஆலையைச் சமையலறை மொழியில் இடியாப்ப உரல் என்று சொல்லலாம். ஆயிரக்கணக்கான நுண்துளைகள் கொண்ட தட்டு. அதன் வழியே பிழியப்படும் பிசுபிசுத்த கரைசல். பான் உருகுவதற்கு முன்பே சிதைந்துவிடும் என்பதால் உருக்கி நூற்க வழியில்லை. டிஎம்எஸ்ஓ, டிஎம்எஃப் மாதிரியான கரைப்பான்களில் கரைத்தே ஆக வேண்டும். துளையிலிருந்து வரும் இழை கரைப்பானும் நீரும் கலந்த தொட்டியில் விழுந்து உறைகிறது. அங்கே அவசரப்பட்டால் வெளித்தோல் இறுகி உள்ளே வெற்றிடம் தங்கிவிடும். அதனால் தொட்டியின் குளிர்ச்சி, கரைப்பான் அளவு எல்லாவற்றையும் பிடித்துவைக்கிறார்கள். சில ஆலைகளில் தட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே சிறு காற்று இடைவெளி உண்டு. அதில் இழை நீண்டு, உறைவதற்குள் வழவழப்பாகிறது. பிறகு கழுவி, வெந்நீரிலும் நீராவியிலும் இழுத்து இழுத்துப் பல மடங்கு நீட்டுகிறார்கள். இழைகள் உலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க சிலிக்கோன் எண்ணெய் பூசுகிறார்கள். இந்த எண்ணெயின் கலவையை எந்த நிறுவனமும் வெளியே சொல்லாது. உலையின் வெப்பநிலைகள் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. பாலிமரும் நூற்பும் எண்ணெயும் பூட்டிய பெட்டியில் இருக்கின்றன. தொழிலின் உயிர் எங்கே என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பலன் எண்களில் தெரிகிறது. சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை கிலோ தாங்கும் என்று நம் கணக்கில் சொன்னால், டி300 ஏறத்தாழ 360. 1980களின் நடுவில் வந்த டி1000, 650. 2014இல் அறிவித்த டி1100, 700ஐ ஒட்டி. 2023இல் அறிவித்த டி1200, 800க்கும் மேல். இழையும் மெலிந்தது, பழைய 7 மைக்ரான் இப்போது 5. மெலிந்த இழைக்குள் பிழை ஒளிய இடம் குறைவு, காற்றும் நடுவரை சீராகப் போய்ச் சேரும். ஐம்பது ஆண்டு உழைப்பில் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். பேக்கனின் இரண்டு டன்னோ எங்கேயோ நிற்கிறது.

வலிமையையும் விறைப்பையும் ஒரே இழையில் கூட்டுவது இன்னும் சிக்கல். அதிகச் சூட்டில் சுட்டால் விறைப்பு கூடும், வலிமை இறங்கும். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் சதீஷ் குமாரின் குழு 2015இல் வேறு வழியைக் காட்டியது. பான் கரைசலை நேரே உறையவிடாமல், குளிர்ந்த தொட்டியில் முதலில் கூழாக்கி, அந்த நிலையில் நீட்டி நூற்றார்கள். சங்கிலிகளுக்குள் சிக்கல் குறைந்தது. அதைச் சுட்ட இழையில் 5.5 முதல் 5.8 கிகாபாஸ்கல் வலிமையும் 354 முதல் 375 கிகாபாஸ்கல் விறைப்பும் சேர்ந்து வந்தன. விமானத் தொழிலில் நெடுநாளாகப் புழங்கும் ஐஎம்7 இழைக்கு வலிமை ஏறக்குறைய இதே அளவு, விறைப்பு 276தான். கூடுதல் விறைப்பு உலையிலிருந்து வரவில்லை, கூழிலிருந்து வந்தது.

இந்தியாவுக்கும் இந்தக் கதையில் ஒரு வரி உண்டு. உயர்தரக் கார்பன் இழை யுரேனியம் செறிவூட்டும் கருவிக்கும் ஏவுகணைக்கும் உதவும் என்பதால், வல்லரசுகள் அதைக் கேட்டவுடன் விற்பதில்லை. பெங்களூரு நேஷனல் ஏரோஸ்பேஸ் லேபரட்டரீஸ் சொந்தமாக முறையை உருவாக்கி, 2010இல் குஜராத்தின் வடோதரா அருகே ஒரு தனியார் ஆலையில் அது உற்பத்திக்கு வந்தது. தேஜஸ் விமானத்தின் உடலில் கார்பன் இழை நிறையவே உண்டு. இந்தியாவிலும் தலைவலி கொடுத்த கேள்வி உலை அல்ல, சிறப்பு அக்ரிலிக் நூல் எங்கிருந்து வரும் என்பதுதான்.

பழைய ரேயான் என்ன ஆனது? போயிற்று என்று நினைத்தால் தப்பு. ராக்கெட்டின் வாய்க்குழல் உட்பூச்சுக்கு வலிமையைவிட, வெப்பத்தைக் கடத்தாமல் மெல்ல எரிந்து தேய்கிற குணம் முக்கியம். அதில் பானைவிட ரேயான் கரித்துணி மேல். அமெரிக்க விண்வெளி ஓடத்தின் திட எரிபொருள் ராக்கெட்டுகள் அதை நம்பியிருந்தன. 1988 இறுதியில் வர்ஜீனியாவின் ஃபிரன்ட் ராயல் நகரத்து ஏவ்டெக்ஸ் ஆலை, நட்டத்தாலும் மாசு வழக்குகளாலும் கதவடைப்பதாக அறிவித்தது. அப்போதுதான் தெரிந்தது, ராக்கெட்டுக்குத் தகுதி பெற்ற ரேயான் நூலை வேறு யாருமே செய்யவில்லை என்று. நாசாவும் விமானப்படையும் பணத்தைக் கொட்டி ஆலையை மீண்டும் ஓட்டிக் கையிருப்பு சேர்த்தன. அடுத்த ஆண்டே அது நிரந்தரமாக மூடியது. நிலவுக்குப் போன நாடு ஒரு ஜவுளி ஆலையின் வாசலில் காத்து நின்றது.

இனி விலை. இழையின் செலவில் ஏறக்குறைய பாதி மூலநூலுக்கே போகிறது. அதன் அடியில் இருப்பது அக்ரிலோநைட்ரைல். பெட்ரோலியத்திலிருந்து வரும் புரொப்பிலீனையும் அமோனியாவையும் சேர்த்துச் செய்வது. கச்சா எண்ணெய் ஏறினால் இதுவும் ஏறும். 2013இல் பிஎம்டபிள்யூ ஐ3 மின்காருக்குக் கார்பன் இழை உடல் வைத்தபோது, வெள்ளை நூலை ஜப்பானில் நூற்று, நீர்மின்சாரம் மலிவாகக் கிடைத்த அமெரிக்காவின் மோசஸ் லேக்கில் சுட்டு, ஜெர்மனியில் துணியாக்கினார்கள். ஒரு காருக்காக நூல் இரண்டு கடல் தாண்டியது. 2022இல் அந்தக் கார் நின்றது. சாதாரணக் கார்கள் இன்றும் எஃகிலும் அலுமினியத்திலும்தான் ஓடுகின்றன.

மாற்று தேடாமல் இல்லை. எண்பதுகளில் பிஏஎஸ்எஃப் பானோடு நீரைச் சேர்த்து உருக்கி நூற்றுப் பார்த்தது. கரைப்பான் செலவு மிச்சம், ஆனாலும் சந்தையில் நிற்கவில்லை. தார்க்கழிவிலிருந்து இழை எடுக்கும் வழியைக் குன்மா பல்கலைக்கழகத்து சுகியோ ஒடானி அறுபதுகளிலேயே திறந்தார். விறைப்பில் பானை மிஞ்சும், செயற்கைக்கோள் பாகங்களுக்கு உகந்தது, அதற்கு மேல் பெரிதாகப் பரவவில்லை. காகித ஆலைக் கழிவான லிக்னினைக் காட்டாத மாநாடு இல்லை. ஜப்பானில் அறுபதுகளின் கடைசியிலேயே லிக்னின் இழை விற்பனைக்கு வந்து மறைந்தும்விட்டது. ஒவ்வொரு மரத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கும் பொருளை ஒழுங்கான இழையாக்குவது, பேசுவது போல் எளிதாக இல்லை. எனக்கு நம்பிக்கை தருவது வேறொன்று: 2017இல் அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம், சர்க்கரையிலிருந்து பெறக்கூடிய ஓர் அமிலத்தின் எஸ்டரிலிருந்து 98 சதவீத விளைச்சலோடு அக்ரிலோநைட்ரைல் செய்து காட்டியது. பழைய முறையில் கூடவே வரும் நச்சு ஹைட்ரஜன் சயனைடு இதில் இல்லை. நூலும் உலையும் அப்படியே இருக்க, வேர் மட்டும் மாறும்.

இத்தனைக்கும் நடுவே வண்டி சத்தமில்லாமல் பழைய தடத்துக்கும் திரும்பியிருக்கிறது. டென்னசியின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2013இல் ஆண்டுக்கு 25 டன் சுடும் சோதனை ஆலையைத் திறந்து, சிறப்பு நூலை விட்டுவிட்டு ஜவுளி அக்ரிலிக்கையே எடுத்தது. சட்டை நூல்! விமானத்துக்குப் போகும் கற்றையில் 12,000 இழை இருந்தால், ஜவுளிக் கற்றையில் லட்சக்கணக்கில். அவ்வளவு தடித்த கற்றையின் நடுவில் தேங்கும் சூட்டை அடக்கக் கற்றுக்கொண்டு, செலவைப் பாதிவரை குறைக்கலாம் என்று 2016இல் அறிவித்தார்கள்.

அதற்கு இருபது ஆண்டு முன்பே இதைத் தொழிலாகச் செய்தது செயின்ட் லூயிஸ் நகரத்து ஜோல்டெக். 1995இல் ஹங்கேரியில் மாக்யர் விஸ்கோசா என்ற பழைய ஜவுளி இழை ஆலையை வாங்கி, அங்கே நூற்ற மலிவான அக்ரிலிக்கிலிருந்து 50,000 இழைக் கற்றைகளைச் சுட்டது. விமானக்காரர்கள் மூக்கைச் சுளித்தார்கள், காற்றாலைக்காரர்கள் வாங்கினார்கள். 2014இல் அந்த நிறுவனத்தை வாங்கியது வேறு யாருமில்லை, தூசித் துணுக்குவரை துரத்திய அதே டோரே. ஜோல்டெக் விற்கும் ‘பேனெக்ஸ் 35’ இழையின் தரப்பட்டியலைப் பார்த்தேன்: சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 420 கிலோ. விமானத் தரம் என்று பெயரெடுத்த டி300இன் எண்ணைவிட 60 கிலோ கூடுதல்.